பாபிக்கியூவுக்குக் காஸ் பூட்டும் முறை: சிலிண்டரிலிருந்து நெருப்பு வரை

மே மாதம் பிறந்துவிட்டால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளின் பின்வளவுகளில் பாபிக்கியூவின் உறை கழன்றுவிடும். கோழிக்காலுக்கு உள்ளி, இஞ்சி, தூள் எந்த அளவில் போட்டு எத்தனை மணி நேரம் ஊறவிட வேண்டும் என்று சொல்லித்தர ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கும். சிலிண்டரை எப்படிப் பூட்ட வேண்டும் என்று சொல்லித்தரத்தான் ஆள் குறைவு. கடையில் மாற்றி எடுத்து வருகிறோம், பெரிய பிளாஸ்டிக் நட்டை முறுக்குகிறோம், நொப்பைத் திருப்பிப் பற்றவைக்கிறோம். அநேகமாக ஒன்றும் நடப்பதில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் ஒரு காஸ் அடுப்பைக் குழாயோடு இணைக்க ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற தொழில்நுட்பர் வரவேண்டும். முடிந்துபோன புரொப்பேன் சிலிண்டரை மாற்றும்போதோ, அதே மாதிரியான ஒரு காஸ் இணைப்பை நாமே நம் கையால் புதிதாகச் செய்கிறோம். பார்த்துச் சரி சொல்ல வேறு எவரும் வரப்போவதில்லை. அந்த வேலை நமது பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது என்றால், அதன் உள்விவரம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடினமான விஷயம் ஒன்றும் இல்லை. காஸ் எந்த வழியாக வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிட்டால் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் தாமாகவே நினைவில் நிற்கும்.

சிலிண்டருக்குள் இருப்பது

ஊரில் குசினிக்கு வந்த எல்பி காஸ் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். கனடாவில் பாபிக்கியூவுக்கு வருவது ஏறத்தாழ முழுவதும் புரொப்பேன். காரணம் குளிர்தான். பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்குச் சற்றே கீழே, மறை 0.5 பாகை செல்சியஸ். வெளியே அதைவிடக் குளிர்ந்தால் அது திரவமாகவே கிடக்கும், வாயுவாக எழும்பி வராது. புரொப்பேன் மறை 42 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் தை மாதப் பனிக்குள்ளும் இங்கே பாபிக்கியூ போட முடிகிறது.

சிலிண்டரை மெல்ல ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் அலைவது கையில் தெரியும். அழுத்தத்தினால் திரவமாக நிற்கும் புரொப்பேன், வால்வைத் திறந்ததும் மேற்பரப்பிலிருந்து கொதித்து வாயுவாகி வெளியே வருகிறது. ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 270 லீற்றர் வாயுவாக விரியும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சரித்து வைத்தால் வால்வின் வாய்க்குத் திரவமே வந்துவிடும். வாயுவை எதிர்பார்க்கிற ரெகுலேற்றருக்குள் திரவம் நுழைந்தால் நெருப்பு கட்டுக்கடங்காது. வால்வின் பக்கவாட்டில் உள்ள பாதுகாப்புத் துவாரமும், வெயிலில் அழுத்தம் மிஞ்சினால் வாயுவை வெளியேற்றுவதற்கென்று வைத்தது. அதன் வழியாகத் திரவம் வந்தால் ஆபத்து பல மடங்கு.

வழக்கமான சிலிண்டர் 20 இறாத்தல், அதாவது 9 கிலோ புரொப்பேன் கொள்ளும். அதை முழுக்க நிரப்ப மாட்டார்கள். வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் 80 வீதத்தோடு நிறுத்துவார்கள். இப்போதைய சிலிண்டர்களில் கைச்சக்கரம் முக்கோண வடிவில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது, குறித்த மட்டம் வந்ததும் அது நிரப்பும் வழியை அடைத்துவிடும் என்பதற்கான அடையாளம் அது. கழுத்துப் பட்டையில் டி.டபிள்யூ. என்று பொறித்து ஓர் எண் இருக்கும். அது வெற்றுச் சிலிண்டரின் எடை, பொதுவாக 17 இறாத்தல் அளவில் வரும். குளியலறைத் தராசில் சிலிண்டரை வைத்து அந்த எண்ணைக் கழித்தால் எவ்வளவு காஸ் மிச்சம் என்று தெரிந்துவிடும். விருந்தினர் வந்த பிறகு பாதிக் கோழியோடு நிற்க வேண்டியதில்லை. அதே பட்டையில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். கனடாவில் அந்தத் திகதியிலிருந்து 10 ஆண்டுகள் கழிந்த சிலிண்டரை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பக் கூடாது. சொந்தச் சிலிண்டரைக் கொண்டுபோய் நிரப்புகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குணம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே எழும்பிக் கலைந்து போகாது. சிந்திய தண்ணீர் போலத் தாழ்வான இடம் தேடி ஓடி, அங்கே தங்கிவிடும். பேஸ்மென்ற் ஜன்னல் கிணறு, கராஜின் மூலை, நிலத்தடி வடிகான் எல்லாம் அது தேடும் இடங்கள். காற்றில் சுமார் 2 வீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அங்கே ஒரு ஹீற்றரின் பைலற் சுடரோ சுவிட்சின் சிறு பொறியோ போதும். சிலிண்டரை வீட்டுக்குள்ளும் பேஸ்மென்றிலும் கராஜிலும் ஒருபோதும் வைக்காதீர்கள் என்பது வெறும் எச்சரிக்கைப் பலகை வாசகம் என்று தோன்றலாம். அதன் பின்னால் இருப்பது இந்த ஒன்றரை மடங்குப் பாரம்தான்.

அழுத்தம் எங்கே குறைகிறது

21 பாகை வெப்பமுள்ள ஒரு சாதாரண நாளில் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 110 பி.எஸ்.ஐ. இருக்கும். காரின் சக்கரத்தில் இருப்பது முப்பத்துச் சொச்சம் என்பதை நினைத்துப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் 38 பாகைக்கு ஏறினால் அது 170ஐத் தாண்டும். பாபிக்கியூவின் பர்னருக்குத் தேவைப்படுவதோ வெறும் 0.4 பி.எஸ்.ஐ. மட்டும். காஸ் வேலைக்காரர் இதை 11 அங்குல நீர் அழுத்தம் என்று சொல்வார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வேலை செய்வதுதான் ரெகுலேற்றர். சிலிண்டர் நட்டுக்கு அடுத்து, வட்டமாகத் தட்டையாக இருக்கும் அந்த உலோகப் பெட்டி. உள்ளே ஒரு றப்பர் மென்தகடும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் இந்தப் பக்கம் 0.4க்கு மேல் போகாமல் அவை பிடித்துக்கொள்கின்றன. மென்தகடு அசைய வேண்டுமென்றால் அதன் மறுபுறம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும். அதற்காக ரெகுலேற்றரில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். மழைத் தண்ணீரோ ஐஸோ மண்ணோ அதை அடைத்தால் ரெகுலேற்றர் தன் வேலையைச் செய்யாது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது. நட்டில் கசிந்தால் அது சிலிண்டரின் முழு அழுத்தத்தோடு கசிகிறது. ரெகுலேற்றருக்குப் பிறகு, குழாயில் கசிந்தால் அது மெல்லிய அழுத்தம். இரண்டும் விடக்கூடாதவைதான். ஆனால் நாம் நம் கையால் செய்கிற இணைப்பு இருக்கிறதே, அது முழு அழுத்தம் தாங்கும் பக்கத்தில் இருக்கிறது.

ரெகுலேற்றரை நாடு மாற்றிப் பூட்டக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். பிரித்தானியாவில் புரொப்பேன் பாபிக்கியூவுக்கு 37 மில்லிபார், இங்கே ஏறத்தாழ 27 மில்லிபார் (மேலே சொன்ன 0.4 பி.எஸ்.ஐ.தான் அது). பொருத்தும் வாயும் வேறு. லண்டனில் இருந்து குடிபெயரும்போது கொண்டுவந்த பாபிக்கியூவுக்கு இங்கே ஓர் இணைப்பான் வாங்கி எப்படியாவது பூட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

அந்தப் பெரிய நட்டு

ஊரில் ரெகுலேற்றரைச் சிலிண்டர் வாயில் வைத்து அமத்தினால் க்ளிக்கென்று பூட்டிக்கொள்ளும். இங்கே உள்ளது வேறு ஏற்பாடு. கியூ.சி.சி.1 அல்லது முதலாம் வகை என்று சொல்வார்கள். கைக்கு அடக்கமான, விளிம்பு வெட்டுகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் நட்டு, சிலிண்டர் வால்வின் வெளிப்புறப் புரியில் ஏறும். நடுவே ஒரு பித்தளை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் சாதாரணமாகத் தோன்றுகிற இந்த இணைப்புக்குள் மூன்று காவல்கள் இருக்கின்றன. இதை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

முதலாவது, சிலிண்டர் வால்வின் வாய்க்குள் ஸ்பிரிங்கோடு ஓர் அடைப்பு. பித்தளை மூக்கு சரியாக உள்ளே போய் அதைத் தள்ளினால் மட்டுமே வழி திறக்கும். எதுவும் பூட்டாத சிலிண்டரின் கைச்சக்கரத்தைக் குழந்தை ஒன்று திருப்பிவிட்டாலும் காஸ் பாய்ந்து வராது. இரண்டாவது, அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பு. பாபிக்கியூவின் அடியில் நெருப்புப் பிடித்து, நட்டின் வெப்பம் 116 பாகைக்கும் 149 பாகைக்கும் இடையே ஏறினால் அது இளகிவிடும். இளகியதும் மூக்குப் பின்வாங்கும், ஸ்பிரிங் அடைப்பு மூடிக்கொள்ளும், காஸ் நின்றுவிடும். நல்ல உறுதியான உலோகத்தில் செய்யாமல் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்களே என்று குறைப்பட வேண்டாம், அது உருகுவதற்காகவே செய்தது. மூன்றாவது, அந்த மூக்குக்குள் இருக்கும் ஓட்டக் கட்டுப்பாடு. குழாய் வெடித்ததுபோல் காஸ் திடீரென்று அதிகமாக ஓடினால் அது வழியைக் குறுக்கி, மிகச் சிறு அளவை மட்டுமே விடும். இந்த மூன்றாவது காவல்தான் பலருக்கு வீண் தலையிடி கொடுப்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டும்போது வரிசை இதுதான். பாபிக்கியூவின் நொப்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். சிலிண்டரின் கைச்சக்கரத்தை மணிக்கூட்டு முள் போகும் பக்கமாக இறுகும்வரை திருப்புங்கள். சிலிண்டரை அதற்கான தட்டிலோ கொளுக்கியிலோ ஆடாமல் நிறுத்துங்கள். வால்வின் வாய் குழாய் வரும் பக்கம் பார்க்கட்டும், குழாய் முறுகாமலும் மடங்காமலும் இருக்கட்டும். வாயில் உள்ள பிளாஸ்டிக் அடைப்பானைக் கழற்றி, அதை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு றப்பர் வளையம் தெரியும். அதில் வெடிப்போ மண்ணோ இருந்தால் அந்தச் சிலிண்டரைப் பூட்டாமல் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். காஸை அடைத்து நிற்பது அந்த வளையம்தான், அது சிலிண்டரோடு வருவது, ஒவ்வொரு முறையும் வேறொன்று. கடைக்காரர் பார்த்திருப்பார் என்று எண்ணாதீர்கள்.

பிறகு மூக்கை நேராக உள்ளே வைத்து, நட்டை வலப்பக்கமாகக் கையால் முறுக்குங்கள். முதல் இரண்டு சுற்று விரல் நுனியாலேயே ஏற வேண்டும். சரிந்து ஏறினால் கழற்றி மறுபடி வையுங்கள். இறுகும்வரை கையால் முறுக்கினால் போதும். ஸ்பானரோ குறடோ கிட்டவும் கொண்டுவராதீர்கள். பிளாஸ்டிக் வெடிக்கும், மூக்குச் சரிந்து வளையத்தை நசுக்கும். இன்னும் சிலரிடம் முழுப் பித்தளையாலான பழைய இணைப்பு இருக்கலாம். அது இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும், அதற்கு ஸ்பானர் வேண்டும். மேலே சொன்ன மூன்று காவல்களும் அதில் கிடையாது. ரெகுலேற்றரையும் குழாயையும் சேர்த்துப் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது. பெரிய செலவில்லை.

சவர்க்கார நுரைச் சோதனை

பூட்டியாயிற்று. இனிப் பற்றவைக்கலாமா என்றால், இல்லை. இந்த ஒரு வேலையைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் இதுதான் முதற்காரணம்.

கசிந்தால் மணக்குமே, நம் மூக்கை நம்பலாமே என்று கேட்கலாம். புரொப்பேனுக்குச் சொந்த மணம் இல்லை. அழுகின முட்டை போன்ற அந்த நாற்றம் எதைல் மெர்கப்ரன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. வெளியில் காற்று வீசும்போது சிறு கசிவின் மணம் நமக்கு வராது. வயதானவர்களுக்கு மோப்பம் குறையும். கொவிட் வந்து போன பிறகு மணமே சரியாகத் தெரியாதவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் மணப்பொருளே மங்கிப்போகும். மூக்கு ஒரு துணைதான், அதையே தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். சுற்றுவட்டத்தில் சிகரெட் உட்பட எந்த நெருப்பும் வேண்டாம். நொப்கள் மூடியபடியே இருக்க, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறவுங்கள். இப்போது குழாய் முழுவதும் காஸ் நிறைந்து அழுத்தத்தோடு நிற்கிறது, பர்னருக்குப் போக வழியில்லை. இந்த நிலையில் ஒரு தூரிகையாலோ தெளிப்பானாலோ நுரையைத் தாராளமாகப் பூசுங்கள். நட்டும் வால்வும் சேரும் இடம், கைச்சக்கரத்தின் தண்டு, நட்டு ரெகுலேற்றரோடு சேரும் இடம், குழாயின் இரண்டு முனைகள், குழாய் பாபிக்கியூவுக்குள் நுழையும் இணைப்பு என்று காஸ் போகும் வழியே போங்கள். குழாயைக் கையில் பிடித்து இலேசாக வளைத்து, அதன் முதுகிலும் பூசுங்கள்.

பிறகு அவசரப்படாமல் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பூசும்போது எழுந்த நுரை உடைந்து வடிந்துவிடும். கசிவு இருக்கிற இடத்தில் மட்டும் புதிது புதிதாகக் குமிழி வந்துகொண்டிருக்கும். பெரிய கசிவு என்றால் பார்த்த உடனேயே தெரியும், பெரிய குமிழியாக ஊதி உடையும். சிறியதுதான் ஏமாற்றும். ஊசிமுனையளவு வெள்ளை நுரை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்லத் தடிக்கும். அதைக் கண்டால் அது கசிவு, ஐயமே வேண்டாம்.

நட்டில் கசிந்தால் சிலிண்டரை மூடி, கழற்றி, வளையத்தையும் மூக்கையும் துடைத்துப் பார்த்து மறுபடி பூட்டி, மறுபடி பூசுங்கள். குழாயில் கசிந்தால் குழாயையும் ரெகுலேற்றரையும் மாற்றும்வரை பாபிக்கியூ இல்லை. டேப் சுற்றி ஒப்பேற்றும் வேலை இங்கே கூடவே கூடாது. கைச்சக்கரத்தின் தண்டில் கசிந்தால் வால்வை மூடுங்கள். மூடியதும் நின்றால் சிலிண்டரைக் கடைக்குக் கொடுத்துவிடலாம். மூடியும் நிற்காவிட்டால் அதைத் தொட வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு தூரப் போய் 911ஐ அழையுங்கள்.

நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் காட்டிக் கசிவு தேடுகிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும், குளிர்காலம் முடிந்து முதல்முறை பயன்படுத்தும்போதும் இந்தச் சோதனை வேண்டும். 2021 இறுதியில் இலங்கையில் குசினிகளில் அடுத்தடுத்துக் காஸ் வெடிப்புகள் நடந்தபோது ஊரில் உள்ளவர்களுக்கு நாம் தொலைபேசியில் சொன்ன புத்திகளில் இந்தச் சவர்க்கார நுரையும் ஒன்று. அதே கரிசனை நமது வளவுக்கும் வேண்டும்.

"நெருப்பு ஏறுதில்லை"

"தம்பி, புது டாங்க்தான். ஆனா நெருப்பு ஏறுதில்லை. கடைக்காரன் அரைவாசிதான் அடிச்சுத் தந்திருக்கிறான்." மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஓர் அண்ணை சொன்னது இது. பர்னர்கள் எல்லாம் நீல நிறத்தில் சிறுத்து எரிந்துகொண்டிருந்தன, மூடியை மூடி வைத்தும் வெப்பமானி முள் ஏறவில்லை. சிலிண்டரைத் தூக்கினால் பாரம் நன்றாக இருந்தது. காஸ் குறைவில்லை. முன்பு சொன்ன மூன்றாவது காவல் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

நொப்கள் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தால், அல்லது சிலிண்டரை ஒரே வீச்சில் வேகமாகத் திறந்தால், காஸ் வெற்றுக் குழாய்க்குள் பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்ட ஓட்டக் கட்டுப்பாடு, குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வழியைக் குறுக்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் சூடு ஏறாது.

மீட்பது எளிது. நொப்களை மூடுங்கள், சிலிண்டரை மூடுங்கள், நட்டைக் கழற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி பூட்டுங்கள். சிலிண்டரை மெதுவாக, கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து, குழாயில் அழுத்தம் நிறைவதற்குச் சில விநாடிகள் விடுங்கள். பிறகு பாபிக்கியூவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். அண்ணையின் பாபிக்கியூ அப்படித்தான் சரிவந்தது. கடைக்காரர் மேல் பழியில்லை.

ஒழுங்காகச் செய்தும் இது திரும்பத் திரும்ப நடந்தால் அலட்சியம் வேண்டாம். எங்கோ உண்மையாகவே காஸ் கசிகிறது என்று அந்தக் காவல் சொல்கிறது. நுரைச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

பற்றவைக்கும்போது மூடி திறந்திருப்பது கட்டாயம். மூடிய மூடிக்குள் சில விநாடி காஸ் சேர்ந்து பிறகு பொறி விழுந்தால் மூடி தூக்கியடிக்கும், முகமும் கையும் வேகும். ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் நொப்பை மூடி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி முயலுங்கள். அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூடுங்கள். குழாயில் எஞ்சிய காஸ் எரிந்து சுடர் தானாக அணையும். உடனே நொப்களையும் மறக்காமல் மூடுங்கள். மறந்தால் அடுத்த முறை அதே ஓட்டக் கட்டுப்பாடு விழும்.

குழாய், சிலந்தி, கொழுப்பு

குழாயைப் பார்க்கக் கண் போதும். வெடிப்பு, உப்பல், எலி அணில் கடித்த தடம், சூடான அடிப்பாகத்தில் உரசி இளகிய இடம், எது இருந்தாலும் மாற்ற வேண்டும். கோழித்தோலில் இருந்து வடியும் கொழுப்பு, நிரம்பிய தட்டைத் தாண்டி நேராகக் குழாயின் மேல் சொட்டுகிற பாபிக்கியூக்களைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நாங்கள் எண்ணெய், தயிர், தூள் எல்லாம் தடவி ஊறவைத்துச் சுடுகிறவர்கள். கொழுப்புத் தட்டை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

சிலந்தி என்றால் சிரிப்பு வரலாம். பர்னருக்குக் காஸும் காற்றும் கலந்து போகும் குழல்களில் சிலந்தி கூடு கட்டுவது கனடாவில் வழக்கமாக நடக்கும் ஒன்று. வலை வழியை அடைத்தால் காஸ் பர்னருக்குப் போகாமல் பின்னோக்கி வழிந்து, நொப்களுக்குப் பின்னால் எரியும். கை வைக்கிற இடத்திலேயே நெருப்பு. கோடை தொடங்கும்போது பர்னர்களைக் கழற்றி, நீண்ட குழாய்த் தூரிகையால் உள்ளே ஒருமுறை தள்ளி எடுத்துவிடுங்கள். சுடர் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் அதுவும் காற்று சரியாகக் கலக்கவில்லை என்பதற்கு அறிகுறி.

இயற்கை வாயுக் குழாய் உள்ள வீடுகள்

புது வீடுகளில் பின்சுவரில் இயற்கை வாயுவுக்கான வாய் ஒன்று வைத்திருப்பார்கள். அங்கே நாம் செய்யக்கூடியது, பாபிக்கியூவின் குழாயை அந்த விரைவு இணைப்பில் தள்ளிப் பூட்டுவதும் கழற்றுவதும் மட்டும்தான். வளையத்தைப் பின்னுக்கு இழுத்து, முனையைத் தள்ளி, க்ளிக்கென்று பிடித்ததா என்று இழுத்துப் பார்த்து, அதே நுரைச் சோதனை. புதிதாகக் குழாய் இழுப்பதும் வாய் வைப்பதும் உரிமம் பெற்ற காஸ் தொழில்நுட்பரின் வேலை. தெரிந்த ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்பதெல்லாம் இதில் வேண்டாம்.

புரொப்பேன் பாபிக்கியூவை இயற்கை வாயுவில் பூட்டுவதும், மறுதலையாகச் செய்வதும் கூடாது. ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம் இயற்கை வாயுவைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதனால் இயற்கை வாயு பர்னரின் துளை பெரிது, புரொப்பேனுடையது சிறிது. பெரிய துளையில் புரொப்பேனை விட்டால் சுடர் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். மாற்றித்தர முடியும் என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால், அவர்களுடைய உதிரிப்பாகங்களோடு தொழில்நுட்பரைக் கொண்டு மாற்றலாம்.

எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுவருவது

ஸ்காபரோ மாடிவீடுகளில் இருப்பவர்கள் முதலில் கட்டட நிர்வாகத்தின் விதியைப் பாருங்கள். பல கட்டடங்கள் பல்கனியில் பாபிக்கியூவை அறவே தடுக்கின்றன. அனுமதி உண்டென்றால், ஒன்ராறியோவின் காஸ் பாதுகாப்பை மேற்பார்க்கும் டி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் நிபந்தனைகள் இருக்கின்றன. பல்கனி அடைப்பில்லாமல் திறந்திருக்க வேண்டும். சிலிண்டர் பாபிக்கியூவோடு பூட்டியபடியே இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள கட்டடத் திறப்புகளில் இருந்து கிடையாக ஒரு மீற்றரும், காற்று உள்ளிழுக்கும் வாய்களில் இருந்து மூன்று மீற்றரும் தள்ளியிருக்க வேண்டும். மேலே கொண்டுபோகச் சேவை லிஃப்ற், அது இல்லாவிட்டால் சாதாரண லிஃப்டில் வேறு ஆட்கள் இல்லாமல் தனியாக.

காரில் கொண்டுவரும்போது சிலிண்டர் நிமிர்ந்து, விழாமல், வாயில் அடைப்பான் போட்டு, ஜன்னல் திறந்து வரட்டும். கடைசி வேலையாக வாங்கி நேராக வீட்டுக்கு வாருங்கள். கோயிலுக்கும் மரக்கறிக் கடைக்கும் போய்வரும்வரை வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்காதீர்கள். உதிரிச் சிலிண்டர் இருந்தால் பாபிக்கியூவின் அடியிலோ அருகிலோ வைக்க வேண்டாம்.

பற்றவைத்த பாபிக்கியூ எந்தக் குளிரிலும் மழையிலும் கராஜுக்குள் வரக்கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும்கூட. கசிவு மட்டுமே காரணமில்லை, எரியும் காஸ் கார்பன் மொனொக்சைட்டை உண்டாக்கும், அதற்கு மணமோ நிறமோ இல்லை. 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோவில் நாட்கணக்காக மின்சாரம் போனபோது, வீட்டுக்குள் கரியடுப்பும் ஜெனரேற்றரும் எரித்தவர்களால் தீயணைப்புப் படைக்குக் கார்பன் மொனொக்சைட் அழைப்புகள் குவிந்தன.

பாபிக்கியூவைக் குளிர்காலத்துக்குக் கராஜில் வைக்க விரும்பினால், சிலிண்டரைக் கழற்றி, அடைப்பான் போட்டு, வெளியே நிமிர்த்தி, கதவு ஜன்னல்களில் இருந்து தள்ளி வையுங்கள். குழாயின் முனையை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினால் பூச்சி நுழையாது. பழுதான, துருப்பிடித்த சிலிண்டரை மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியிலோ குப்பையிலோ போடாதீர்கள். அமுக்கும் லொறிக்குள் அது வெடிக்கும், அதில் வேலை செய்கிறவர் பக்கத்தில் நிற்பார். நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.